ஆசிட் வாளியைக் கீழே வையுங்கள், முதலில் கல்லை வாசியுங்கள்

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். கோலாலம்பூரிலிருந்து பெரியப்பா வந்திருக்கிறார், குடும்பத்தின் வம்சாவளியை எழுதிக்கொண்டிருக்கிறார், எங்கள் குடும்ப இடத்தில் ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டி ஒருவரின் கல்லறை இருக்கிறது, எழுத்து பழைய எழுத்து, யாருக்கும் படிக்க வரவில்லை, நீங்கள் வந்து வாசித்துக் கொடுக்க வேண்டும் என்றார். சரி, நாளைக்குக் காலையிலேயே வருகிறேன் என்றேன். போனை வைக்கப் போகிற நேரத்தில் சொன்னார்: "எக்கா, நீங்க வாறதுக்குள்ள ஆசிட் ஊத்தி நல்லாத் தேச்சு வச்சிருதோம். எழுத்து பளிச்சுன்னு தெரியும்." வேண்டாம் தம்பி, தொடாதீர்கள் என்று கத்தினேன். அதற்குள் லைன் போய்விட்டது. ராத்திரி பத்து மணி வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை.

காலையில் நான் போய் இறங்கும்போது மணி எட்டரை. கல்லறை வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்தில் மூன்று காலி பாட்டில்கள், ஒரு வாளி, ஒரு கம்பி பிரஷ். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய மேடை, அதன் தலைமாட்டில் இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு பளிங்குப் பலகை. விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய பளிங்கு சர்க்கரையைத் தொட்டதுபோல நறநறவென்று இருந்தது. ஏழு வரி எழுதியிருந்திருக்கிறார்கள். மேலே சிலுவையின் நிழலில் இருந்த இரண்டு வரி ஒருவாறு தப்பித்திருந்தது. மீதி ஐந்து வரியில் அங்கங்கே ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு கால். அவ்வளவுதான்.

பெரியப்பா கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். எழுபது தாண்டியவர். அந்தப் பாட்டிதான் அவர்கள் குடும்பத்தில் முதலில் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தவர். ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவருக்கு இருந்த பெயரும் அந்தக் கல்லில் உண்டு என்று பெரியப்பாவின் அப்பா சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் தெரிந்தால் எந்த ஊர், எந்த வீட்டுப் பெண் என்று அதற்கு மேலே தேட ஒரு நூல் கிடைக்கும். அதற்காகத்தான் விமானம் ஏறி வந்திருக்கிறார். மூன்றாவது வரியில் ‘என்னும்’ என்ற சொல்லின் பின்பாதி தெரிகிறது. அதற்கு முன்னால் இருந்தது அந்தப் பெயர். போய்விட்டது.

நான் கல்வெட்டியல் படித்தவள். கல்வெட்டு படியெடுப்பதும், பழைய கட்டிடங்களில் கல் வேலை, சுண்ணாம்பு வேலை கெடாமல் பார்ப்பதும் எனக்குத் தொழில். குடும்பக் கல்லறைகளை வாசித்துக் கொடுக்கச் சொல்லி ஆட்கள் கூப்பிடுவது இந்தப் பத்து வருடத்தில்தான் அதிகமாகியிருக்கிறது. வம்சாவளி எழுதுகிற ஆசை எல்லாருக்கும் வந்திருக்கிறது, நல்ல விஷயம், எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். ஆனால் போன வருடத்தில் மட்டும் இப்படி ஆசிட்டில் குளிப்பாட்டிய கல்லுக்கு முன்னால் நான் போய் நின்றது இது நான்காவது தடவை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபமாக எழுதுவதுபோல இருந்தால் கோபமாகத்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பளிங்கில் ஆசிட் பட்டால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம், அதை நான் விளக்கப் போவதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு ஒரு நம்பிக்கை. எழுத்து மங்கலாக இருப்பது அழுக்கினால், அழுக்கை எடுத்தால் எழுத்து தெரியும் என்ற நம்பிக்கை. படித்தவர், படிக்காதவர், இன்ஜினியர், டாக்டர், எல்லாரும் இதையே சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கல்லில் எழுத்து என்பது மையால் எழுதியது இல்லை, அது ஒரு பள்ளம். பளிங்கில் அந்தப் பள்ளத்தின் ஆழம் பல இடங்களில் ஒரு அரிசியின் கனம்கூட இருக்காது. நீங்கள் எழுத்தைப் படிக்கிறீர்கள் என்றால் பள்ளத்தின் கூர்மையான ஓரத்தில் விழுகிற நிழலைப் படிக்கிறீர்கள், அல்லது பள்ளத்துக்குள் தங்கியிருக்கிற கறுப்பைப் படிக்கிறீர்கள். ஆம், அந்தக் கறுப்பை. நூறு வருடப் பாசியும் தூசியும் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மேல்பரப்பு மழையில் கழுவப்பட்டு வெளுத்திருக்கும்போது, அந்த அழுக்குதான் உங்களுக்கு எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பகையாளி என்று நினைத்து எடுத்துவிடுகிறீர்கள். கூடவே ஆசிட் ஓரத்தையும் மழுக்கிவிடுகிறது. நிழலும் போச்சு, கறுப்பும் போச்சு. இனி எதைப் படிப்பது?

ஊற்றிய உடனே நன்றாகத்தானே தெரிந்தது என்பார்கள். தெரியும். ஈரமான பளிங்கு, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் அழுக்கு மிச்சம், அந்த ஐந்து நிமிடம் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். காயட்டும், அப்புறம் பாருங்கள். போன வருடமும் இதையேதான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஆகியிருக்கிறது. ஒவ்வொரு நவம்பர் 2-க்கும் ஒரு படலம் போகிறது, போவது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் போன வருடக் கல்லை இந்த வருடக் கல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களிடம் இரண்டு கல் இல்லை. இன்னொன்று, ஆசிட் அரித்த பளிங்கு சொரசொரப்பாகிவிடும், சொரசொரப்பில் பாசி சீக்கிரம் பிடிக்கும், அடுத்த வருடம் முன்னைவிடக் கறுப்பாக இருக்கும், அதனால் அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றுவீர்கள். பத்துத் திருநாளில் ஒரு பாட்டியின் பெயர் முழுவதுமாகப் போய்விடும், யாரும் அழித்ததாக யாருக்கும் தெரியாது.

எங்களுடையது கருங்கல், பளிங்கு இல்லை என்கிறவர்களுக்கும் சொல்கிறேன். நல்ல கருங்கல் ஆசிட்டைப் பளிங்கைவிட அதிகம் தாங்கும், உண்மைதான். ஆனால் கருங்கல் தனியாக நிற்பதில்லை. அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்து இருக்கிறது, உள்ளே இரும்புப் பட்டை இருக்கலாம், கல்லிலேயே இரும்புச் சத்து இருக்கிறது. ஆசிட் சாந்தைத் தின்னும், கல்லில் துருக்கறை ஏற்றும், கம்பி பிரஷ் விட்டுப்போகிற இரும்புத் துகள் அடுத்த மழையில் செம்பழுப்பாக இறங்கும். அதைவிட முக்கியம், பாசி பிடித்துக் கறுத்துப்போன பளிங்கைக் கருங்கல் என்று நினைத்து ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் மணற்கல்லும் உண்டு, அது உப்புக் காற்றிலேயே உதிர்ந்துகொண்டிருக்கும், அதைத் தேய்த்தால் கையோடு வரும். கல் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். எலுமிச்சம்பழமும் வேண்டாம், வினிகரும் புளியும் வேண்டாம், இயற்கைப் பொருள் என்பதால் கல்லுக்குத் தெரியப்போவதில்லை, அதுவும் அமிலம்தான். பிளீச்சிங் பவுடர், சலவைத்தூள், வண்டி கழுவுகிற பிரஷர் பம்பு, எதுவும் வேண்டாம்.

எழுத்தை எடுப்பாகக் காட்ட சாக்பீஸ் தேய்ப்பது, மைதா மாவு தூவுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் இன்னொரு வகை. மாவு எறும்பைக் கூப்பிடும், பூஞ்சையை வளர்க்கும். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது எங்களுக்கே பெரிய பாடு. சிலர் மைப்படி எடுத்துக் கொடுங்கள் என்று என்னிடமே கேட்பார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி பிரஷ்ஷால் அடித்து மை ஒற்றி எடுப்பது கோயில் கருங்கல்லுக்குச் சரி. உதிர்கிற பளிங்கில், சுண்ணாம்புப் பூச்சில் நானே எடுக்க மாட்டேன். யூடியூபில் பார்த்துவிட்டு நீங்களும் எடுக்காதீர்கள்.

அப்புறம் எனாமல் பெயிண்ட். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிட் அழிக்கிறது, பெயிண்ட் பொய் சொல்கிறது. மங்கிய எழுத்துக்குள் கறுப்பு எனாமல் பூசச் சொல்லி பெயிண்டரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் பழைய தமிழ் எண் அவருக்குத் தெரியாது. நம் ஊரில் 1800-களின் கற்களில் ஆண்டைத் தமிழ் எண்ணில் வெட்டியிருப்பது சாதாரணம். ௲௮௱௬௰௨ என்று இருக்கும். ௲ ஆயிரம், ௮ எட்டு, ௱ நூறு, ௬ ஆறு, ௰ பத்து, ௨ இரண்டு. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு, அதாவது 1862. தெரியாதவர் கண்ணுக்கு ௲ ‘த’ மாதிரி, ௮ ‘அ’ மாதிரி, ௬ ‘சு’ மாதிரி, ௰ ‘ய’ மாதிரி, ௨ ‘உ’ மாதிரி. ஒரு ஊரில் பெயிண்டர் அந்த ௬-ஐ அழகாக ‘சு’ என்று முடித்து, ௰-ஐ ‘ய’ ஆக்கி வைத்திருந்தார். குடும்பமே அதை ஏதோ சொல் என்று நினைத்து, ஆண்டு இல்லாத கல் என்று எழுதி வைத்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியில் இருந்த பள்ளத்தை டார்ச்சில் பார்த்துத்தான் ஆண்டை எடுத்தேன்.

டார்ச் என்றேன் இல்லையா, இதுதான் நான் சொல்ல வந்த வேலை. வாசிப்பதற்கு வேண்டியது வெளிச்சம், சுத்தம் இரண்டாம்பட்சம். நேராகக் கல்லின் முன்னால் நின்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு செல்போனில் எடுக்கிற படத்தில் எதுவும் வராது. சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் போங்கள். ஒரு நல்ல எல்இடி டார்ச்சைக் கல்லின் இடது ஓரத்தில், கல்லோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் வைத்து, வெளிச்சம் கல்லின் மேல் படுத்துக்கொண்டு போகும்படி பிடியுங்கள். இன்னொருவர் நேரே நின்று படம் எடுக்கட்டும். அடுத்தது வலது ஓரம், அடுத்தது மேலே, அடுத்தது கீழே. நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்தால் ஒரு படத்தில் காணாமல் போன கொம்பு இன்னொரு படத்தில் எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் அழுதுவிடுவதுண்டு. பகலில் வெறும் வெள்ளைப் பலகையாகக் கிடந்தது, டார்ச் சாய்ந்ததும் ஒவ்வொரு வரியாகத் தாத்தாவின் பெயர் வரும்.

ராத்திரி போக முடியாது, பெண்கள் மட்டும் போகிறோம், ஊர் தூரம் என்றால் பகலிலும் செய்யலாம். ஒரு போர்வையைப் பிடித்துக் கல்லுக்கு நிழல் கட்டுங்கள், ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டிலிருந்து கல்லின் மேல் திருப்பிவிடுங்கள். அல்லது காலை ஏழு மணிக்குப் போங்கள். பூச்செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரேயரில் வெறும் தண்ணீர் அடித்தால், காய்ந்துவரும்போது பள்ளத்தில் ஈரம் கடைசிவரை நிற்கும், அந்த இரண்டு நிமிடத்தில் படம் எடுங்கள். முழுக் கல், ஒவ்வொரு வரி, பக்கவாட்டு, பின்பக்கம். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஸ்கேலை ஓரமாக வைத்து ஒரு படம். அப்புறம் பத்தடி தள்ளி நின்று பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்து ஒரு படம், ஏனென்றால் யாருக்குப் பக்கத்தில் யார் கிடக்கிறார்கள் என்பதும் செய்திதான். ஓரத்தில் சின்னதாக ஒன்றோ இரண்டோ மேடு இருந்தால் அது பிள்ளைகளுடையது. பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, ஆனால் அவர்களும் உங்கள் வம்சாவளியில் உண்டு, குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்து, படம் எல்லாம் இரண்டு போனில் ஏறிய பிறகு, கட்டாயம் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் தண்ணீரும், பெயிண்ட் அடிக்கிற மாதிரி மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். கல்லை நன்றாக நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, கீழிருந்து மேலாகத் தேயுங்கள், திரும்பவும் தண்ணீர். கெட்டியான பாசிக்கு மூங்கில் குச்சி. வராததை விட்டுவிடுங்கள். மேல் பூச்சு உதிர்கிறது, தட்டினால் உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்கிறது என்றால் தண்ணீரும் வேண்டாம், பூவைப் போட்டுவிட்டு வாருங்கள்.

வாசிக்கும்போது சிக்குகிற இடங்கள் சில. கொல்லம் ஆண்டு போட்டிருந்தால், திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் போட்டிருப்பார்கள், ஆவணியில் தொடங்குகிற ஆண்டு அது, ஆவணியிலிருந்து டிசம்பர் முடிகிற வரைக்கும் 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து 825 கூட்டுங்கள். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி. தாது வருடம், ஈஸ்வர வருடம் என்று மட்டும் இருந்தால் 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். தாது என்றால் 1816-ஆகவும் இருக்கலாம், பெரிய பஞ்சம் வந்த 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம், கல்லின் வேலைப்பாட்டையும் எழுத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லை, னை, ணா, றா எல்லாம் பழைய கொம்பு வைத்த உருவத்தில் இருக்கும். 1978-க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது புதிதாகத் தெரியும். சில கற்களில் புள்ளியே வைத்திருக்க மாட்டார்கள்.

பெயர்தான் பெரிய சிக்கல். நம் குடும்பங்களில் தாத்தா பெயர் பேரனுக்கு. ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர் கிடப்பார்கள். பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னால் இருக்கிற ஒற்றை எழுத்து மட்டும்தான், அதுவும் கல்லின் ஓரத்தில், முதலில் உதிர்கிற இடத்தில் இருக்கும். அந்த எழுத்து போனால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள், வம்சாவளியில் ஒரு தலைமுறை காணாமல் போகும். ஒரு குடும்பம் அப்படி எழுதிய வம்சாவளியை அச்சடித்துக் கல்யாணத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. இப்போது இணையத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே ஏற்றியிருக்கிறார்கள், மகன் பிறக்கும்போது அப்பாவுக்கு வயது ஒன்பது என்று வருகிறது, யாருக்கும் அது உறுத்தவில்லை.

கல் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் நினைக்காதீர்கள். இறந்து முப்பது வருடம் கழித்துப் பேரன் காசு சேர்த்து வைத்த கல்லாக இருக்கலாம், அவருக்குத் தெரிந்ததைத்தான் வெட்டச் சொல்லியிருப்பார். வயது 60, 70, 80 என்று முழு எண்ணாக இருந்தால் அது உத்தேச வயது. அதனால் கல்லைப் பார்த்த கையோடு சேகரத்து ஐயரை, அதாவது அந்தப் பகுதிச் சபைகளின் போதகரை, பாருங்கள். அடக்கப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு மூன்றும் பல இடங்களில் 1800-களிலிருந்து இருக்கின்றன. மரியாதையாக, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கை கழுவிவிட்டுப் போய்ப் புரட்டுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கூட்டத்தில் போய் நின்று இப்பவே எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

எல்லாம் இணையத்தில் இருக்கும், ஊருக்குப் போகவே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. வெள்ளைக்காரர் கல்லறை என்றால் ஓரளவு சரி. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905-இலேயே அச்சிட்டுவிட்டார். தெற்காசியாவில் இருக்கிற ஐரோப்பியர் கல்லறைகளுக்கென்று லண்டனில் 1976-இல் ஒரு சங்கமே தொடங்கியிருக்கிறார்கள். இடையன்குடியில் கால்டுவெல் எங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் அவருடைய காலத்தில் அந்த ஊர்களில் வேலை செய்த உபதேசியார் (போதகருக்குக் கீழே ஊரில் வேதம் சொல்லிக்கொடுத்தவர்), பள்ளிக்கூடம் நடத்திய அம்மா, பனையேறிச் சம்பாதித்துக் கோயில் கட்டக் காசு கொடுத்த மனிதர், இவர்கள் கல்லை யாரும் பட்டியல் எடுத்து வைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் குடியேறிய முதலூர் 1799-இல் உருவானது. அந்தக் காலத்திலிருந்து இந்தப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் எத்தனை தலைமுறை கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலருக்கு அந்த ஒரு கல்தான் ஆவணம், அதற்கு நகல் கிடையாது. அதனால்தான் இப்படிப் பதறுகிறேன்.

டைல்ஸ் ஒட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். குளியலறைக்குப் போக மிச்சமான டைல்ஸைக் கொண்டுவந்து, பழைய கல்லுக்கு மேலேயே சிமென்ட் கலவை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அன்புக்காகத்தான் செய்கிறார்கள், தெரியும். உள்ளே ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுண்ணாம்பு மேடை அழுகும், பழைய எழுத்து சிமென்டுக்குள் சமாதியாகிவிடும். புதுக் கல் வைக்க ஆசையா, தாராளமாக வையுங்கள், பழைய கல்லை எடுக்காமல் பக்கத்திலோ கால்மாட்டிலோ வையுங்கள். பழைய கல்லில் இருந்ததை அப்படியே எழுதுங்கள், தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பழைய கல் உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். குடும்பக் கல்லறையைத் திரும்பத் திறந்து அடக்கம் செய்கிற ஊர்களில் எடுத்த பலகையை மதிலோரம் சாய்த்து வைத்திருப்பார்கள், தேடிப் போகிறவர்கள் மதிலோரத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், என் வேலை பெரும்பாலும் அங்கே என்பதால். தோட்டத்திலும் வயலிலும் சமாதி வைத்திருக்கிற இந்துக் குடும்பங்களுக்கும், பள்ளிவாசல் வளாகத்தில் மீசான் கல், அதாவது அடக்கத்தலத்தில் நட்ட கல், இருக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே பேச்சுதான். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் உள்ள பழைய மீசான் கற்களில் அரபி எழுத்து இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஆலிமைக் கூட்டிப் போங்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள்தான், ஒரே எண்ணைக் கூட்டி கி.பி. ஆண்டுக்கு மாற்ற முடியாது, அட்டவணை பாருங்கள். சமாதிக்குத் தினமும் எண்ணெய் சாத்துகிற வழக்கம் இருந்தால் வழக்கத்தை விட வேண்டாம், எழுத்து இருக்கிற பலகையில் மட்டும் படாமல் பாருங்கள்.

போகிறவர்கள் பத்திரமாகப் போய் வர வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செருப்பு வேண்டாம், கணுக்கால் மூடுகிற ஷூ போடுங்கள், முழுக்கால் சட்டை போடுங்கள். புல்லுக்குள் கம்பால் தட்டிக்கொண்டு நடங்கள். பொந்துக்குள், பலகைக்கு அடியில் கைவிடவே கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே அரசு மருத்துவமனை. பழைய செங்கல் கல்லறை உள்ளே பொள்ளலாக இருக்கும், மேலே ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், நான் பார்க்க ஒருவர் முழங்கால் வரை உள்ளே போயிருக்கிறார். சிலுவை மேல் சாயாதீர்கள், அடியில் ஒட்டு விட்டிருக்கும். பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மரத்தில் கதண்டுக் (பெரிய குளவி) கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழையுங்கள். புதருக்குள் போய் வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் புதர்க்காடு போனேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், உடம்பில் எங்காவது கறுப்பாகப் பொருக்குத் தட்டின புண் இருந்தால் அதையும் காட்டுங்கள். உடைமரத்தை வெட்டுவதென்றால் ஐயரிடமும் பக்கத்து இடத்துக்காரரிடமும் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

வீட்டில் எண்பது தாண்டிய யாராவது இருந்தால் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், நடக்க முடியாதென்றால் வீடியோ கால் போடுங்கள். கல்லைக் காட்டினால் அவர்களுக்கு ஞாபகம் வரும். சும்மா வீட்டில் உட்காரவைத்துக் கேட்டால் வராது.

அந்தத் தேரிக்காட்டுக் குடும்பத்துக்குத் திரும்பி வருகிறேன். அன்றைக்கே எல்லார் போனையும் துழாவச் சொன்னேன். 2011-இல் ஒரு அடக்கத்தின்போது எடுத்த படம் ஒன்று மதுரையில் இருக்கிற மருமகனிடம் கிடைத்தது. முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு நடுவே அந்தப் பலகை ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்ததில் ௲௮௱௬௰ வரை வந்தது, கடைசி இலக்கம் ஒரு சித்தியின் முந்தானைக்குப் பின்னால். அந்தப் பத்து வருடத்துக்கான அடக்கப் பதிவேட்டை ஐயர் எடுத்துக் கொடுத்தார். செல்லரித்த பக்கங்களுக்கு நடுவே 1864-இல் பாட்டியின் ஞானப்பெயர் இருந்தது, கணவர் பெயர், வயது சுமார் 60, நோய் வாந்திபேதி. பழைய பெயர் அதில் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்திருக்கும், அந்த வருடத்துப் புத்தகம் இல்லை. பெரியப்பா நோட்டில் ‘என்னும்’ என்று எழுதி, அதற்கு முன்னால் இடம் விட்டு வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.

போன மாதம் அந்தத் தம்பி மறுபடியும் கூப்பிட்டார். மதிலோரம் குப்புறக் கிடந்த ஒரு பலகையைப் புரட்டியிருக்கிறார்கள், பாட்டியின் அக்காவுடையதாக இருக்கலாம் என்று ஊரில் ஒரு ஆச்சி சொல்கிறாராம். மண் ஒட்டியிருக்கிறது, கழுவலாமா என்று கேட்டார். ஒரு துணியை மட்டும் மேலே போட்டு மூடி வையுங்கள், வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு டார்ச்சோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.